ஹாஸ்டல் அறையில் ஒரு மீன்தொட்டி: கொஞ்சம் பழைய கணக்கு

துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று இருந்துகொண்டு பிள்ளையைப் புனேயில் படிக்கப் போட்டிருக்கும் நண்பர்கள் எனக்கு நாலைந்து பேர் உண்டு. ஊரில் தெரிந்தவன் என்ற முறையில் நான்தான் அவர்களுக்கு லோக்கல் கார்டியன். கையெழுத்துப் போடுவது, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவது, தீபாவளிக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் நம் பொறுப்பு. இதில் சமீபகாலமாகப் புதுசாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. "பையன் ரூமில் மீன் தொட்டி வைக்கணும்ங்கறான் சார், பணம் அனுப்பலாமா, ஹாஸ்டலில் விடுவாங்களா?"

நான் பி.காம். விலங்கியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் பேங்க் ஆசாமிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கணக்கைக் கையில் எடுத்தாலும் ஓப்பனிங் பேலன்ஸ் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்காமல் தூக்கம் வராது. அப்படிப் போய்ப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுப் பணம் அனுப்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் :-)

முதலில் நடைமுறை விஷயம். வார்டன்களுக்கு நாய், பூனை என்றால்தான் அலர்ஜி. மீன் என்றால் பெரும்பாலும் பேசிப் பார்க்கலாம். அவர்களுக்கு இருக்கும் பயம் இரண்டு: தண்ணீர் கொட்டும், கரண்ட் பில் ஏறும். பதினெட்டு இஞ்ச் நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை முழுக்க நிரப்பினால் நாற்பத்திரண்டு லிட்டர் சொச்சம் வரும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். ஹாஸ்டல் மேஜை அதைத் தாங்காது, தரையோடு ஒட்டிய திண்டு ஏதாவது இருந்தால் நல்லது. சின்னதாக ஒரு ஏர் பம்ப்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும், சேர்ந்து ஒரு பழைய குண்டு பல்பு இழுத்ததில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்கூட இழுக்காது. ஹீட்டர் வேண்டாம். புனே குளிர் டிசம்பர், ஜனவரியில் ராத்திரி பத்து டிகிரிக்குப் போகும் என்பதால் அதைத் தாங்குகிற மீனாகப் பார்த்துப் போடவேண்டும். அந்த மீன் எது என்று பிறகு சொல்கிறேன். அதற்குள்ளேயே ஒரு பெரிய கதை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள மீனை வைத்துப் பார்க்கலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியது?

குளத்திலும் தொட்டியிலும் மீன் வளர்ப்பது ஆதிகாலத்து வழக்கம். சீனாக்காரர்கள் சோங் வம்சத்துக் காலத்திலேயே தங்கமீனைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். நம் தக்காணத்தில் கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன், பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'மானசோல்லாசம்' என்று ஒரு சம்ஸ்கிருதக் கலைக்களஞ்சியம் எழுதினான். அதில் மீன்பிடி பொழுதுபோக்குக்கே தனிப் பகுதி. எந்த மீன் கடலில், எது ஆற்றில், எதற்கு என்ன இரை என்று வகைவகையாக எழுதிவைத்திருக்கிறான். ராஜா வேலை பார்த்துக்கொண்டு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைத்ததோ!

ஆனால் பக்கவாட்டில் இருந்து, கண்ணாடி வழியாக மீனைப் பார்ப்பது ரொம்பச் சமீபத்திய விஷயம். 1832-ல் ஜான் வில்ப்ரோ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி சிசிலித் தீவில் கடல் உயிரிகளை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகள் செய்துகொண்டார். இந்த அம்மாள் ஆரம்பத்தில் கல்யாண உடை தைக்கிற தையல்காரர். விஞ்ஞானப் பட்டம் ஏதும் கிடையாது (பி.காம்.காரனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம்). அடுத்தது, நம் துறை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: வரி. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு நூறு வருஷமாக எக்சைஸ் வரி போட்டு வைத்திருந்தார்கள். 1845-ல் பிரதமர் ராபர்ட் பீல் அதை ஒரேயடியாக எடுத்தார். கண்ணாடி விலை குறைந்தது. பத்தே வருஷத்தில் லண்டன் வீடுகளின் வரவேற்பறையில் மீன்தொட்டி ஒரு பைத்தியமாகவே பரவிவிட்டது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். 1854-ல் ஃபிலிப் காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் எல்லார் வாயிலும் புகுந்தது. பட்ஜெட்டில் ஒரு வரியை எடுத்தால் எங்கெங்கே என்னென்ன முளைக்கும் என்று எந்த நிதி மந்திரியும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறவர்தான் நம் ஆள். பெயர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்து வணிகர் சங்கத்தின் வேதியியலாளர். 1849-ல் அவர் பன்னிரண்டு காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணல் போட்டு, இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். கூடவே வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி. கிட்டத்தட்ட நம் ஹாஸ்டல் தொட்டி அளவுதான். அவருடைய கணக்கு இது: மீன் பிராணவாயுவை எடுத்துக் கரியமிலவாயுவை விடும், செடி அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிராணவாயுவைத் திருப்பித் தரும். பற்று, வரவு நேர்.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. கணக்கில் எங்கோ ஒரு என்ட்ரி விட்டுப்போயிருக்கிறது. வாரிங்டன் குளங்களைப் போய் உற்றுப் பார்த்தார். அங்கே அழுகுவதைத் தின்பதற்கு நத்தை இருந்தது. தொட்டியில் சில நத்தைகளைப் போட்டார். தண்ணீர் தெளிந்தது. நத்தை முட்டைகள் மீனுக்குத் தீனி ஆயின. 1850 மார்ச்சில் லண்டன் வேதியியல் கழகத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார். தலைப்பிலேயே, விலங்கு உலகத்துக்கும் தாவர உலகத்துக்கும் இடையிலான உறவைச் சரிக்கட்டுவது என்ற பொருள் வரும். தண்ணீரை மாற்றாமலே மீன் பிழைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்.

ஆனால் அவர் சொன்னது பாதிக் கணக்குத்தான். மீதியைப் பார்க்க என் அக்கா பையனின் தொட்டிக்கு வரவேண்டும்.

அவன் கர்வே நகர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறான், இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். வார்டனிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்குச் சாயங்காலமே பன்னிரண்டு மீனை விட்டுவிட்டான். நாலாவது நாள் போன்.

"மாமா, ரெண்டு செத்துப்போச்சு."

"தண்ணி கலங்கியிருக்கா?"

"இல்ல மாமா, பளிங்கு மாதிரி இருக்கு. அதான் புரியல."

பத்து நாளில் ஐந்துதான் மிச்சம். அறைத்தோழன் ஒருத்தன் கரூர்ப் பையன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து மீனை எண்ணிப் பார்ப்பானாம். வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த பிள்ளைகளுக்கு, தன்னை நம்பி ஒரு உயிர் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு.

பளிங்குத் தண்ணீரில் மீன் ஏன் செத்தது? மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் விழுந்த தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விஷம். ஆற்றிலும் குளத்திலும் இதைச் சரிக்கட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. புதுத் தொட்டியில் அந்தக் கூட்டம் இன்னும் குடியேறவில்லை.

இந்தக் கூட்டத்தைத் தேடிப்பிடித்த கதையில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. 1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பேர் சாக்கடைத் தண்ணீரை மணல் நிரப்பிய குழாய் வழியாக மெதுவாக விட்டார்கள். சில வாரங்களுக்குப் பிறகு, மேலே அம்மோனியாவாக உள்ளே போனது கீழே நைட்ரேட்டாக வெளியே வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைக் காட்டினால் மாற்றம் நின்றுபோனது. வேதிவினை மட்டும் என்றால் மயக்கமருந்துக்கு நிற்காதே? ஆக, இதைச் செய்வது ஏதோ உயிர். இதைப் படித்துவிட்டு இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ஒருவர் வருஷக்கணக்காக இதன் பின்னாலேயே அலைந்தார். வேலை ஒரே படியில் முடிவதில்லை, அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, பிறகு நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது, இரண்டையும் செய்வது வெவ்வேறு உயிரிகள் என்று காட்டினார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். 1850-ல் தொட்டியில் நத்தை விட்டாரே, அவருடைய மகன்!

அப்பா தொட்டியில் எழுதாமல் விட்ட வரியை மகன் வயல் மண்ணில் தேடி எழுதியிருக்கிறார். மகனுக்குத் தன் ஆராய்ச்சி அப்பாவின் மீன்தொட்டிக்கும் பொருந்தும் என்று தோன்றியதா, நான் படித்ததில் எங்கும் இல்லை. அந்த உயிரிகளைத் தனியாகப் பிரித்தெடுக்கும் பெருமை மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. ஜெலட்டின் மாதிரியான சத்தான ஊடகத்தில் எல்லோரும் வளர்க்கப் பார்த்தார்கள். இவையோ அந்த மாதிரிச் சாப்பாட்டில் வளராத ஜாதி. 1890-ல் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் சூரிக்கில் இருந்துகொண்டு அதைப் புரிந்துகொண்டு முந்திக்கொண்டார்.

ஆகவே நூறு வருஷத்துக்கு முந்தைய சூத்திரம்தான் இன்றைக்கும் ஹாஸ்டல் அறைக்குச் சட்டம். தொட்டியை வைத்து, மணலும் ஸ்பாஞ்சும் போட்டு, முதல் நாலிலிருந்து ஆறு வாரம் இரண்டு மூன்று மீனோடு நிறுத்திக்கொண்டால் பாக்டீரியா மெதுவாக ஸ்பாஞ்சில் குடியேறும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்ச் கடன் வாங்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றவேண்டும், ஒரு நாள் முழுக்க பக்கெட்டில் பிடித்துவைத்துக் குளோரின் போன தண்ணீராக. ஸ்பாஞ்சைப் பைப்புக்கு அடியில் வைத்துப் பளிச்சென்று கழுவக்கூடாது, குடிவைத்த கூட்டம் கூண்டோடு போய்விடும். பையன் இதையெல்லாம் கேட்டு நடந்தான். மிச்சமிருந்த ஐந்தும் பிழைத்தன.

அந்த ஐந்தும் என்ன மீன் தெரியுமா? ஜீப்ரா. கலர் மீன் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது. ஒரு விரல் நீளம்கூட இருக்காது, உடம்பில் நீலக்கோடு. புனே குளிர் இதற்கு ஒரு பொருட்டில்லை.

இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். முன்னாளில் அவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன். ஆம், 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கன்னடம், மலபார் எல்லாம் சுற்றி வந்து, என்ன பயிர், என்ன விலை, என்ன கூலி என்று மூன்று தொகுதி எழுதினாரே, அதே கம்பெனி டாக்டர். பிறகு வங்காளத்தில் சர்வே போட்டார்கள். போன இடத்திலெல்லாம் மீனையும் வரைந்து எழுதிவைத்துக்கொண்டார். 1822-ல் கங்கையிலும் அதன் கிளைகளிலும் உள்ள மீன்கள் பற்றிய அவர் புத்தகம் எடின்பரோவில் வந்தது. கோசி நதியில் பார்த்த இந்தச் சின்ன மீன் அதில் இருக்கிறது. இன்றைய பெயர் டானியோ ரெரியோ.

அங்கிருந்து இது கப்பலேறி உலகம் முழுக்க மீன்கடைகளுக்குப் போனது. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற விஞ்ஞானி கடையில் வாங்கக் கிடைக்கிற இதையே பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். முட்டையும் குஞ்சும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் என்பதால், இதயம் உருவாவதைக்கூட மைக்ராஸ்கோப்பில் நேராகப் பார்க்கலாம். 1981-ல் அவருடைய முக்கியமான கட்டுரை வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் எலிக்கு அடுத்தபடி இதுதான். மனித ஜீன்களில் எழுபது சதவீதத்துக்கு இந்த மீனில் ஜோடி உண்டு என்று 2013-ல் கணக்கிட்டார்கள். அடிபட்ட இதயத்தை இது தானே சரிசெய்துகொள்ளும். நம் புனேயிலேயே ஆகார்கர் ஆய்வு நிறுவனத்தில் அதைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. கோசியில் நீந்தியது ஆரிகன் போய், மறுபடி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கர்வே நகருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெருமைப்படத்தான் வேண்டும்.

கடைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மெரினாவில் 1909 அக்டோபரில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் கடல்மீன் காட்சிசாலை திறந்தார்கள். அதற்கு முனைந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் வந்ததும் அதே 1909-ல்தான். ஆளையும் அளந்தார், மீனையும் அளந்தார். இரண்டாம் உலகப்போரில் அந்தக் காட்சிசாலை மூடப்பட்டது. பம்பாய் மெரின் டிரைவில் தாராபோர்வாலா மீன்காட்சியகம் 1951-ல் ராஜேந்திர பிரசாத் கையால் திறக்கப்பட்டது. எட்டு லட்சம் செலவில் இரண்டு லட்சம் அந்தப் பார்சி வள்ளல் கொடுத்தது. சென்னைக்காரர்களுக்கு வளர்ப்பு மீன் என்றால் மூர் மார்க்கெட். 1985-ல் அது எரிந்தபிறகு வியாபாரம் பிராட்வே பக்கம் சிதறியது, பிறகு கொளத்தூர் பெரிதாக வளர்ந்தது. இன்றைக்கு வண்ணமீன் வளர்த்து விற்பதில் கொளத்தூர் பெயர் நாடு முழுக்கத் தெரியும். புனேக் கடைக்காரர் ஒருவர் நான் தமிழ் என்று தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கொளத்தூர் உங்கள் வீட்டுக்குப் பக்கமா?"

தொட்டிக்குள் போடும் செடியிலும் ஒரு வேடிக்கை. நம் ஊர்க் குளங்களில் கும்பலாக வளரும் ஹைட்ரில்லா பாசியைத் தெரியாதவர் இருக்க முடியாது. 1950களில் இலங்கையிலிருந்து இதை அக்வேரியம் வியாபாரத்துக்காக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாய்க்காலில் விழுந்தது. அவ்வளவுதான், ஏரி ஏரியாக மூடிவிட்டது. அதை அழிக்க இன்றுவரை வருஷாவருஷம் மில்லியன் கணக்கில் டாலர் செலவழிக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் இருக்கும் சொந்தங்கள் ஏரியில் படகு விடும்போது துடுப்பில் சிக்குவது நம் ஊர்ப் பாசியாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி புனே. இங்கே முளா, முட்டா என்று இரண்டு ஆறுகள் சங்கம் என்ற இடத்தில் கூடுகின்றன. பாலத்தில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கறுப்புத் தண்ணீர், நுரை, ஆகாயத்தாமரை. இதில் ஒரு காலத்தில் மீன்களை எண்ணிப் பட்டியல் போட்டார் ஒருவர். அவர் பெயர் வில்லியம் ஹென்றி சைக்ஸ். 1817-ல் பேஷ்வாவோடு நடந்த கட்கிப் போரில் இருந்த கம்பெனிப் படை அதிகாரி. 1824-ல் பம்பாய் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் அவரைத் தக்காணத்தின் புள்ளிவிவர அதிகாரியாக நியமித்தார். நிலம், வரி, மக்கள்தொகை, மழை, விலைவாசி என்று எண்ணிக்கொண்டு போனவர் பறவை, மிருகம், மீன் என்று எல்லாவற்றையும் எண்ணிவிட்டார். 1831-ல் ஊர் திரும்பி, லண்டன் புள்ளிவிவரக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவராகி, 1863-ல் அதற்குத் தலைவரும் ஆனார். வரி வசூலுக்காக ஆரம்பித்த கணக்குத்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த லெட்ஜர் இல்லாவிட்டால் இந்த ஆற்றில் என்ன இருந்தது என்று சொல்ல இன்றைக்கு நம்மிடம் ஒரு தாளும் இருந்திருக்காது.

தக்காணத்து மீன்கள் பற்றிய சைக்ஸின் கட்டுரை 1838-ல் வாசிக்கப்பட்டு 1841-ல் முழுசாக அச்சேறியது. அதில் எனக்குப் பிடித்தது அவர் பெயர் வைத்த விதம். பல மீன்களுக்கு லத்தீனில் யோசிக்காமல், மீனவர்கள் மராத்தியில் என்ன சொன்னார்களோ அதையே போட்டுவிட்டார். குத்ரீ, கோலுஸ், போடைல், நுக்தா என்று அந்தப் பெயர்கள் இன்றைக்கும் உலகப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. நுக்தா என்பது மூக்கு பிளந்த மாதிரி இருக்கும் ஒரு விசித்திர மீன். நம் மதுரைப் பக்கத்து அயிரைக்குச் சொந்தக்கார மீன்களும் அந்தக் கட்டுரையில் உண்டு (குழம்பு வைத்தாரா என்று எழுதவில்லை).

அதற்குப் பிறகும் ஆட்கள் எண்ணியிருக்கிறார்கள். 1942-ல் ஃப்ரேசர், 1963-ல் டோனபியும் முல்ஹெர்கரும், 2003-ல் வாக், காட்டே. இந்தப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பேங்க் ஸ்டேட்மெண்ட் மாதிரி இருக்கும். பழைய பெயர்கள் சில காணாமல் போகின்றன. கப்பி, கம்பூசியா, ஜிலேபி என்று புது என்ட்ரிகள் வருகின்றன. கப்பியையும் கம்பூசியாவையும் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கொசுப்புழு தின்னட்டும் என்று நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஜிலேபி மீன் 1952-ல் சாப்பாட்டுக்காக வந்தது.

ஆற்றில் நடந்தது தொட்டியில் நடந்ததுதான். ஊரின் கழிவு மொத்தமும் ஆற்றில் விழுந்தால் அம்மோனியா ஏறுகிறது, அதைச் சரிக்கட்டும் கூட்டத்துக்குப் பிராணவாயு போதவில்லை. 2016 ஜனவரியில் ஜப்பானின் ஜைகா நிறுவனம் முளா-முட்டாவைச் சுத்தப்படுத்தச் சுமார் 1,900 கோடி யென் கடன் ஒப்பந்தம் போட்டது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று அதில் கட்டுவது என்ன? பெரிய தொட்டியில் காற்றை ஊதி, வாரிங்டன் மகன் துரத்திய அதே பாக்டீரியாவுக்கு வேலை கொடுப்பதுதான். ஹாஸ்டலில் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குக் கடன் பத்திரம் கிடையாது, அவ்வளவே வித்தியாசம்.

இதனால்தான் ஏப்ரல், மே வந்தால் எனக்கு ஒரு கவலை. செமஸ்டர் முடிந்து அறையைக் காலி செய்யும்போது பிள்ளைகள் மீனை என்ன செய்வார்கள்? கொல்ல மனசு வராது. ரயிலில் கொண்டுபோக முடியாது. "பாஷாண் ஏரியில விட்டுடலாம் மாமா, பாவம், சுதந்திரமா இருக்கும்" என்றான் நம்ம ஆள். கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஜூனியர் பையன்களிடம் கொடு, இல்லாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடு, காசு தரமாட்டார்கள், பரவாயில்லை. தொட்டிச் சுவரை நக்கிச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்களே டேங்க் கிளீனர், அந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி இப்படி விடப்பட்டுத்தான் சென்னை ஏரிகளிலும் கேரளத்து ஆறுகளிலும் பெருகிப்போய் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டு மீன்தானே தப்பு, உள்நாட்டு மீனை விட்டால் என்ன என்று கேட்டான். அதற்கும் பதில் சைக்ஸ் பட்டியலிலேயே இருக்கிறது.

குத்ரீ என்று சொன்னேனே, அது மஷீர் வகை. தக்காண மஷீர் என்பார்கள். பெரிய ஆற்றுமீன், தொட்டிக்கு ஆகாது. சைக்ஸ் இதை விவரித்தது புனேயின் முளா-முட்டாவிலிருந்துதான். அணைகளும் கழிவும் வந்து அது குறைந்தபோது, 1970களில் லோனாவாலாவில் டாடா மின்நிறுவனத்தார் வல்வன் ஏரிக்கரையில் பண்ணை வைத்து அதைச் செயற்கையாகப் பொரிக்கவைத்தார்கள். உண்மையிலேயே நல்ல வேலை. லட்சக்கணக்கில் குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. அவற்றில் ஒரு பங்கு காவிரிக்கும் வந்தது.

காவிரிக்கென்று சொந்தமாக ஒரு மஷீர் இருந்தது. முதுகில் திமில், செந்நிறத் துடுப்பு. 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். உலகத்து மஷீர்களிலேயே பெரியது இதுதான் என்கிறார்கள். குத்ரீ வந்து சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்களுக்கு உதவியதும் ஒரு நோட்டுப் புத்தகம்தான். கர்நாடகத்தில் காலிபோரே என்ற காவிரிக்கரை முகாமில் தூண்டில் போட வந்தவர்கள், எந்த மீன், எவ்வளவு எடை என்று 1998 முதல் 2012 வரை எழுதிவைத்திருந்தார்கள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 2015-ல் அந்தப் பதிவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், குத்ரீ வருஷாவருஷம் ஏறியிருக்கிறது, திமில் மஷீர் கிட்டத்தட்ட துடைத்துக்கொண்டு போயிருக்கிறது.

அதைவிட, அந்தத் திமில் மஷீருக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்று உறுதியானதே 2018-ல்தான். டோர் ரேமாதேவீ. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீன் ஆய்வாளர் ரேமாதேவி அம்மையாரின் பெயர். அதே வருஷம் அதை மிகவும் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது அது இருப்பதாகத் தெரிந்த சில இடங்களில் ஒன்று, நீலகிரிக்குக் கீழே முதுமலைக் காட்டை ஒட்டி ஓடும் மோயாறு.